கலக்சியன்: எங்கட டீவியில் அது ஏன் மெதுவாக ஓடியது

போன மழைக்கு முன்னால் எங்களில் ஒருத்தரின் வீட்டில் கூரைத் தகடு மாத்தினார்கள். வீடு முகத்துவாரத்தில், அளுத்மாவத்தை வீதியில் இருந்து கடல் பக்கம் இறங்குகிற ஒரு ஒழுங்கையில். அலுமாரிக்கு மேல் கிடந்த சாமான் எல்லாத்தையும் இறக்கின நேரம் ஒரு பிஸ்கட் பெட்டி வந்தது. உள்ளே சாம்பல் நிற டீவி கேம் செட் ஒன்று, வயர் சுத்தின ரெண்டு ஜொய்ஸ்டிக், ஒரு மஞ்சள் கசெட், ஒரு விளையாட்டுத் துவக்கு, அட்டை கிழிந்த சீஆர் கொப்பி.

செட் வேலை செய்யவில்லை. கொப்பி வேலை செய்தது.

கொப்பியில் அடிமட்டம் வைத்துக் கோடு கீறி மூன்று பிரிவு: திகதி, ஆள், புள்ளி. ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் நீலப் பேனையில் 'கலக்சியன்' எண்டு எழுதியிருக்கு. 1996 பெப்ரவரியில் தொடங்கி ஒக்டோபரில் நிற்குது. ஆட்களுக்கு முழுப்பெயர் இல்லை, ஓரெழுத்துத்தான். 'ம' ஒருவர், 'ஜெ' ஒருவர், 'கு' ஒருவர், பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் ரெண்டு மூன்று பேர். ஆகக் கூடின புள்ளிக்குக் கீழே சிவப்புப் பேனையில் ரெண்டு கோடு: 37,420, கு, 1996 செப்டம்பர் 14.

பழைய கேம் ஒன்றைத் திரும்ப ஆடி ஒரு விமர்சனம் எழுதுவோம், அவ்வளவுதான் எங்கட திட்டம். லப்டொப்பில் எமுலேட்டர் போட்டு மூன்று இரவு ஆடினோம். எங்களில் யாரும் 12,000ஐத் தாண்டவில்லை. வயசாகி கை மந்தமாகிப் போச்சு எண்டுதான் முதலில் நினைத்தோம். பிறகுதான் கேள்வி வந்தது: அந்தக் கொப்பியில் இருக்கிற கேமும் இந்த லப்டொப்பில் ஓடுற கேமும் ஒன்றுதானா? அதைத் தேடப் போய், விமர்சனம் சரித்திரக் கட்டுரை ஆகிவிட்டது.

ஒரே ஒரு குண்டு

ஆடாதவர்களுக்கு முதலில் கேமைச் சொல்லிவிடுகிறோம். கறுப்பு வானம், நகர்கிற நட்சத்திரம். கீழே உங்கட கப்பல். இடம் வலமாக மட்டும் போகும். மேலே வரிசை வரிசையாகப் பூச்சி மாதிரி எதிரிகள். எல்லாத்தையும் சுட்டு முடித்தால் அடுத்த கட்டம். கதை இல்லை, முடிவு இல்லை. நீங்கள் சாகும்வரை ஓடும்.

இந்த வகைக்கு அப்பன் 1978இல் டைட்டோ கொம்பனி வெளியிட்ட ஸ்பேஸ் இன்வேடர்ஸ். டொமோஹிரோ நிஷிகாடோ செய்தது. அதில் எதிரிகள் அணிவகுப்புக் கலையாமல் பக்கவாட்டில் நடந்து நடந்து கீழே இறங்குவார்கள். திரை கறுப்பு வெள்ளை. நிறம் தெரியட்டும் எண்டு கண்ணாடியில் நிறத்தாள் ஒட்டினார்கள். அடுத்த வருசம், 1979இல், நம்கோ கொம்பனி அதுக்குப் போட்டியாக கலக்சியனை இறக்கியது. வடிவமைத்தவர் கசுனோரி சவானோ. இதில் எதிரிகளுக்கே உண்மையான நிறம் இருந்தது. அதைவிடப் பெரிய மாற்றம், அணிவகுப்பு உடைந்தது. வரிசையில் நிற்கிற ஒன்று திடீரெண்டு கழன்று, வளைந்து, குண்டு போட்டபடி உங்கட தலைக்கு மேல் விழும். தப்பினால் கீழே மறைந்து மேலால் வந்து தன் இடத்தில் திரும்ப நிற்கும்.

கடைகளில் வைத்த பெரிய மெசினில் மொத்தம் 46 எதிரிகள். அடியில் 10 வீதம் மூன்று வரிசை, அதுக்கு மேல் 8, பிறகு 6, உச்சியில் 2 மஞ்சள் தலைவர்கள். தலைவர் இறங்கும்போது சிவப்பு நிறக் காவலர் ரெண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வருவார். காவலர் ரெண்டையும் முதலில் சுட்டு, பிறகு தலைவரைச் சுட்டால் 800 புள்ளி. அவசரப்பட்டுத் தலைவரை முதலில் சுட்டால் 300தான்.

திரும்ப ஆடியபோது எங்களைப் பிடித்து உலுக்கினது வேறொரு விதி. உங்களிடம் ஒரு நேரத்தில் ஒரே ஒரு குண்டு. சுட்டது எதிலையாவது பட வேண்டும், அல்லது திரையின் உச்சி தாண்டி மறைய வேண்டும். அதுவரை அடுத்த குண்டு வராது. கிட்ட இருக்கிறதைச் சுட்டால் குண்டு சீக்கிரம் திரும்பக் கிடைக்கும். தூரத்தைக் குறி வைத்துத் தவறினால் அந்த நேரம் முழுக்க நீங்கள் வெறுங்கையோடு ஓட வேண்டும். பட்டனைப் போட்டு அமத்துறவர் தோற்பார். பார்த்துக்கொண்டு காத்திருக்கிறவர்தான் நிற்பார். 1981இல் வந்த அடுத்த பாகம் கலகாவில் ரெண்டு குண்டு தந்தார்கள். பிடிபட்ட கப்பலை மீட்டு ரெண்டு கப்பலாகவும் ஆடலாம். நல்ல கேம், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பதட்டம் கலகாவில் இல்லை.

16 கிலோபைட்

நின்டென்டோவின் ஃபமிகொம் செட் ஜப்பானில் விற்பனைக்கு வந்த நாள் 1983 யூலை 15. அந்த மாதம் எங்கட வீடுகளில் வேறொரு காரணத்துக்காக நினைவிருக்கிற மாதம். ஒன்பது நாளில், யூலை 24 இரவு, பொரளைக் கனத்தையில் தொடங்கின நெருப்பு கொழும்பு முழுக்கப் பரவியது. எங்கட அம்மா அப்பாமாருக்கு 83 எண்டால் அதுதான். ரெண்டுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. ஆனால் கேம் சரித்திரப் புத்தகங்கள் 'பொற்காலம்' எண்டு சொல்லுகிற வருசங்களை நாங்கள் எங்கே இருந்து பார்க்கிறோம் எண்டு ஞாபகம் வைத்திருக்கத்தான் இதை எழுதுகிறோம்.

1984 செப்டம்பரில் நம்கோ, கலக்சியனை ஃபமிகொமுக்கு ஒரு கசெட்டாகக் கொண்டுவந்தது. அந்தக் காலத்து அமெரிக்கப் பிள்ளைகளுக்கு இந்தக் கசெட் கிடைக்கவில்லை. நின்டென்டோ செட்டுக்கு அங்கே கலகாவைத்தான் விற்றார்கள். முகத்துவாரத்துக்கு மட்டும் அது எப்படி வந்தது?

விடை அதன் அளவில் இருக்கு. ஃபமிகொம் கலக்சியன் மொத்தம் 16 கிலோபைட். நிரல் 8, படங்கள் 8. அந்தச் செட்டுக்கு வந்த கேம்களில் ஆகச் சின்னவைகளில் ஒன்று. சுப்பர் மாரியோ 40 கிலோபைட். சுப்பர் மாரியோ 3 எண்டால் 384. அதாவது ஒரு மாரியோ 3 இருக்கிற இடத்தில் 24 கலக்சியன் வைக்கலாம். 2 மெகாபைட்டுக்கு இண்டைக்கு நீங்கள் வட்சப்பில் அனுப்புற ஒரு படத்துக்குள் நூற்றுக்கு மேல் வைக்கலாம்.

தாய்வானிலும் பிறகு சீனாவிலும் ஃபமிகொமைப் பார்த்து நகல் செட் செய்தவர்களுக்கு இது பெரிய வசதி. தாய்வானின் யூஎம்சி கொம்பனி அதே வேலை செய்கிற சிப்களைச் செய்தது. மைக்ரோ ஜீனியஸ் எண்ட பெயரில் செட்கள் உலகம் முழுக்கப் போயின. இந்தியாவில் லிட்டில் மாஸ்டர். ரஷ்யாவில் 1992இல் இருந்து டென்டி. இப்படி நாட்டுக்கு நாடு பெயர் மட்டும் மாறியது. செட்டோடு ஒரு கசெட்டைச் சேர்த்துக் கொடுக்க வேண்டும், அதில் எத்தனை கேம் இருக்கு எண்டு பெரிய எண் போட வேண்டும், சிப்புக்குச் செலவு குறைய வேண்டும். அப்ப எதைத் தேர்ந்தெடுப்பார்கள்? ஆகச் சின்ன, ஆகப் பழைய கேம்களை. '64 இன் 1' கசெட்களில் கலக்சியன் தவறாமல் இருந்ததன் காரணம் அதன் புகழ் மட்டும் இல்லை. அது இடம் பிடிக்கவில்லை.

அதனால்தான் 1979இல் பிறந்த கேம் ஒன்று 1990களின் நடுவில் கொழும்புப் பிள்ளைகளுக்குப் 'புது' கேம் ஆனது. ஜப்பானில் அப்போது பிளேஸ்டேஷன் வந்தாச்சு. எங்கட ஆட்கள் அப்பதான் ஏரியல் வயரைக் கழட்டி செட் வயரைச் செருகினார்கள்.

டீவியும் அப்படித்தான் வந்தது. 1977க்குப் பிறகு திறந்த பொருளாதாரத்தோடு சாமான்கள் இறங்கின. 1979 ஏப்ரலில் ஐடிஎன். 1982 பெப்ரவரியில் ரூபவாஹினி; அதை ஜப்பானிய அரசின் உதவியோடு கட்டினார்கள். ஜப்பான் தந்த நிலையத்தைப் பார்க்க வாங்கின டீவியில், ஜப்பான் தராத கேமை ஆடினோம் எண்டும் சொல்லலாம்.

எங்கட கூட்டத்து வீட்டுக்குச் செட் வந்தது 1995 நத்தாருக்கு. அப்பா துறைமுகத்தில் வேலை. போனஸ் காசில் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் வாங்கினார். கடைக்கார நானா கடையிலேயே டீவியில் போட்டுக் காட்டி, "64 கேம், பிள்ளைங்க வீட்டவிட்டு வெளிய போகாது" எண்டு சொல்லித்தான் வித்தாராம். அம்மாவுக்கு அந்த வசனம் இண்டைக்கும் ஞாபகம் இருக்கு.

இது களவு நகல்தானே எண்டு கேட்பீங்கள். ஓம். சவானோவுக்கோ நம்கோவுக்கோ எங்கட வீடுகளில் இருந்து ஒரு சதமும் போகவில்லை. எங்கட கசெட்டில் நம்கோவின் பெயரே அழிக்கப்பட்டிருந்தது. கணினி நிரல்களைப் பெயர் சொல்லிப் பாதுகாக்கிற 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் இலங்கையில் 2003இல்தான் வந்தது. இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. ஆனால் விற்பனைக் கணக்கை வைத்து எழுதுகிற சரித்திரத்தில் எங்கட தெரு வராததுக்கும் இதுதான் காரணம். உலகத்தில் எத்தனை பேர் கலக்சியன் ஆடினார்கள் எண்டு எண்ணுகிற கணக்கில் இந்தச் சீஆர் கொப்பி இல்லை.

வீட்டுக்குள்ள

"பிள்ளைங்க வீட்டவிட்டு வெளிய போகாது." 1996இல் முகத்துவாரத்தில் ஒரு தமிழ்த் தாய்க்கு இந்த வசனத்தின் பெறுமதி என்ன?

1995 ஒக்டோபர் கடைசியில் யாழ்ப்பாணம் முழுவதும் இடம்பெயர்ந்தது. டிசம்பரில் இராணுவம் நகரைப் பிடித்தது. அடுத்த ஜனவரி 31, கோட்டையில் மத்திய வங்கிக்குக் குண்டு. அதுக்குப் பிறகு கொழும்பில் சோதனைச் சாவடி கூடியது. ஆமர் வீதியால் போக ஒரு தரம், வர ஒரு தரம் அடையாள அட்டை. வடக்கில் இருந்து வந்து தங்குகிறவர்கள் பொலிஸில் பதிய வேண்டும். இரவில் கதவு தட்டுப்பட்டால் வீட்டில் எத்தனை பேர், யார் யார் எண்டு கணக்குக் காட்ட வேண்டும். பதினைந்து வயசுப் பொடியன் இருட்டின பிறகு கடற்கரைப் பக்கம் நின்றால் வீட்டில் சோறு இறங்காது. அந்த நிலைமையில் டீவிக்கு முன்னால் சம்மணம் கட்டி உட்கார்ந்திருக்கிற பிள்ளை, கண் பழுதாப் போனாலும் பரவாயில்லை, கண்ணுக்கு முன்னால் இருக்கிற பிள்ளை.

செட்டோடு வந்த துவக்கின் கதையும் இதுதான். டீவியில் பறக்கிற வாத்தைச் சுடுகிற துவக்கு அது. அமெரிக்காவில் நின்டென்டோ பிறகு அதைச் செம்மஞ்சள் நிறத்துக்கு மாத்தியது, உண்மைத் துவக்கு எண்டு யாரும் நினைக்கக் கூடாது எண்டு. எங்கட நகல் கறுப்பு. பார்க்கக் கைத்துவக்கு மாதிரியே இருக்கும். நத்தார் முடிந்த அடுத்த நாள் அம்மா அதைத் துணியில் சுற்றி அலுமாரிக்கு மேல் வைத்தவர்தான். "செக்கிங் வந்தா இத விளையாட்டுச் சாமான் எண்டு எந்த பாஷையில சொல்றது?" எண்டு கேட்டாராம். முப்பது வருசத்துக்குக் கிட்ட அது அங்கேயே இருந்தது. கலக்சியனில் சுடலாம், துவக்கைத் தொடக்கூடாது. அந்த வீட்டில் யாரும் இதில் முரண்பாடு ஒன்றையும் காணவில்லை.

அந்த வருசத் தொடக்கத்தில் முன் அறை வாடகைக்குப் போனது. வவுனியா தாண்டி வந்த ஒரு அண்ணா. இருபத்திரண்டு வயசு இருக்கும். வெளிநாடு போறதுக்காக ஏஜென்சிக்காரர் ஒருவருக்குக் காசு கட்டிவிட்டுக் காத்திருந்தவர். பொலிஸ் பதிவுத் துண்டை மடித்துச் சட்டைப் பையில் எப்பவும் வைத்திருப்பார். பகலில் கொட்டாஞ்சேனைக்குப் போய் ஒரு தொலைபேசிக் கடையில் அழைப்புக்குக் காத்திருப்பார். ஆறு மணிக்கு முதல் வீட்டுக்கு வந்துவிடுவார். அதுக்குப் பிறகு அவருக்கு எங்கேயும் போக இடமில்லை. கலக்சியன்தான். கொப்பியில் இருக்கிற 'கு' அவர்.

எங்களில் அந்த வீட்டுக்காரருக்கு அப்ப ஏழு வயசு. கொப்பியில் 'ஜெ'. அண்ணா எப்படி ஆடினார் எண்டு அவர் கூட்டத்துக்கே எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறார். அவசரப்பட மாட்டாராம். கீழ் வரிசையைத்தான் முதலில் சுத்தம் செய்வாராம். குண்டு வெறுமையாகப் போனால் சத்தம் போடாமல் பக்கவாட்டில் விலகி நிற்பாராம். நல்லாத்தான் ஆடியிருக்கிறார்; அவர் வந்த பிறகுதான் கொப்பியில் புள்ளிகள் ஐந்து இலக்கத்துக்குப் போகின்றன.

ஒரேயொரு எதிரியை அவராலும் வெல்ல முடியவில்லை: கரண்ட். 1996இல் மழை பொய்த்து நீர்மின் தேக்கங்கள் வற்றின. நாடு நீர்மின்சாரத்தையே நம்பியிருந்த காலம். மாசக்கணக்காக, நாளுக்கு மணிக்கணக்காக மின்வெட்டு. கலக்சியன் எதையும் ஞாபகம் வைக்காது. செட் நின்றால் ஆகக் கூடின புள்ளியும் அழிந்து போகும். கொப்பி வந்ததே அதனாலதான். கொப்பியில் சில வரிகளில் புள்ளிக்குப் பக்கத்தில் 'க.போ' எண்டு இருக்கு. கரண்ட் போச்சு. யாரோ எண்ணை மனதில் வைத்திருந்து மெழுகுதிரி வெளிச்சத்தில் எழுதியிருக்கிறார்கள்.

மார்ச்சில் ஒரு இடைவெளி. அது மின்வெட்டு இல்லை, உலகக் கிண்ணம். மார்ச் 17 லாகூரில் இலங்கை வெல்லும்வரை டீவி அப்பாவின் கையில்.

ஓகஸ்டில், ஆடிவேல் முடிந்த கையோடு, முன் அறை அண்ணாவுக்கு அழைப்பு வந்தது. விடியப் புறப்பட்டார். ஒரு மாசம் கழித்து இத்தாலியில் இருந்து ஒரு போன், பத்திரமாகச் சேர்ந்துவிட்டதாக. பிறகு தொடர்பு இல்லை.

72 செக்கன்

இனி எங்கட கேள்விக்கு வருவோம். கொப்பியில் இருக்கிற கேமும் லப்டொப்பில் ஓடுற கேமும் ஒன்றா?

செட்டைத் திருத்த முடியுமா எண்டு கொட்டாஞ்சேனையில் டீவி திருத்துகிற ஒரு பாஸிடம் கொண்டுபோனோம். திறந்து காட்டினார். உள்ளே சிப் எண்டு ஒன்றும் இல்லை, பலகையில் பெரிய கறுப்புச் சொட்டு ஒன்றுதான். சிப்பை நேராகப் பலகையில் ஒட்டி மேலால் பசை ஊற்றியிருக்கிறார்கள். கொம்பனிப் பெயரும் இல்லை, இலக்கமும் இல்லை. "இதுல திருத்த ஒண்டுமில்ல தம்பி. செத்தா செத்ததுதான்" எண்டார். கசெட்டின் பித்தளைப் பற்களில் பச்சை பிடித்திருந்தது. நாங்கள் எல்லாரும் கசெட்டை ஊதி ஊதிப் போட்டவர்கள்தானே. வாயின் ஈரமும் முகத்துவாரத்தின் உப்புக் காற்றும் சேர்ந்து செய்த வேலை. ஊதினதால் வேலை செய்யவில்லை, கழட்டித் திரும்பச் செருகினதால்தான் வேலை செய்தது எண்டு பாஸ் சொன்னபோது எங்களுக்குக் கொஞ்சம் வெட்கம்.

ஆனால் அவர் இன்னொன்றும் கேட்டார்: "நீங்க லப்டொப்புல ஆடுறது பாலா, என்டிஎஸ்சியா?"

அங்கேதான் விசயம் இருந்தது. இந்தச் செட்களில், டீவி ஒரு படத்தை வரைந்து முடிக்கிற ஒவ்வொரு தடவையும் கேம் ஒரு அடி முன்னால் போகும். ஜப்பான் டீவி என்டிஎஸ்சி முறை, செக்கனுக்கு 60 படம். எங்கட டீவி பால் முறை, செக்கனுக்கு 50. கேமின் நிரலில் ஒன்றையும் மாத்தாமல் எங்கட டீவியில் ஓடவிட்டால் எல்லாமே ஆறில் ஒரு பங்கு மெதுவாகும். எதிரி விழுவதும் குண்டு போவதும் நட்சத்திரம் நகர்வதும். ஜப்பானியப் பிள்ளைக்கு 60 செக்கனில் நடந்தது எங்களுக்கு 72 செக்கனில் நடந்தது.

அது ஏன் எங்களுக்குத் தெரியவில்லை? பாட்டு மெதுவானால் காது கண்டுபிடிக்குமே. நகல் செய்தவர்களின் கெட்டித்தனம் இதுதான். ஐரோப்பாவுக்கு நின்டென்டோ செய்த பால் செட்டில் மூளைச் சிப்பின் வேகத்தையும் குறைத்தார்கள். அதனால் சத்தத்தின் சுருதியும் இறங்கியது. தாய்வான் நகல்கள் அந்த வேகத்தைக் கிட்டத்தட்ட ஜப்பானில் இருந்த அளவிலேயே வைத்தன. அங்கே செக்கனுக்கு 17 லட்சத்து 90 ஆயிரம் துடிப்பு, இங்கே 17 லட்சத்து 70 ஆயிரம். அதனால் எங்களுக்குச் சுருதி குறையவில்லை, தாளம் மட்டும் தளர்ந்தது. ஒப்பிட வேறொரு செட் இல்லாத பிள்ளைக்கு அதுதான் சரியான வேகம்.

எமுலேட்டரின் அமைப்புகளுக்குள் தேடினால் இதுக்குத் தனியாக ஒரு தெரிவு இருக்கு. ஜப்பான்-அமெரிக்கா ஒன்று, ஐரோப்பா ஒன்று, மூன்றாவது 'டென்டி'. ரஷ்யப் பிள்ளைகள் தங்கட நகல் செட்டை ஞாபகம் வைத்து எழுதியதால் எங்கட செட்டின் வேகத்துக்கும் அந்தப் பெயர் விழுந்துவிட்டது. டென்டியைத் தெரிந்து கலக்சியனைப் போட்டோம். தொடக்கப் பாட்டு வந்தது. 'ஜெ' உடனே சொன்னார்: "இதுதான்."

அண்டைக்கு இரவு எங்களில் ஒருத்தர் 19,000 தாண்டினார். கை மந்தமாகவில்லை. ஆனால் 37,420 இன்னும் எட்டாத தூரத்தில்தான்.

பழசை மீட்டெடுத்து விற்கிறவர்கள் தருவது ஜப்பானின் 60. தொழில்நுட்பக் கணக்கில் அதுதான் 'மூலம்'. எங்கட 50 பிழை. சரி, பிழையாகவே இருக்கட்டும். ஆனால் கொழும்பில் அந்தக் காலம் ஆடினவர்களுக்கு கலக்சியன் எண்டால் அந்தப் பிழைதான். ஒரே குண்டு, அது திரும்பி வரும்வரை கூடுதலாகக் கொஞ்சம் காத்திருக்க வேண்டும், விலகி நிற்க அதே அளவு கூடுதல் நேரமும் கிடைக்கும். அதை எழுதி வைக்காவிட்டால் அந்த வேகம் இருந்ததுக்கே அடையாளம் இருக்காது.

'கு' யார்?

இந்தக் கட்டுரையின் முதல் வரைவு முன் அறை அண்ணாவோடு முடிந்தது. போரில் இருந்து வந்த ஒருவர், வெளியே போக முடியாத ஒரு வருசம், ஒரு சாதனை, பிறகு இத்தாலி. எங்களுக்கு அது நல்லாப் பிடித்திருந்தது. அனுப்புவதற்கு முதல் வீட்டுக்காரரின் அக்காவுக்கு வாசித்துக் காட்டினோம். அவர் இப்ப வத்தளையில் இருக்கிறார். கொப்பியின் கையெழுத்தில் பாதி அவருடையது. தொடக்கப் பக்கங்களில் 'ம' அவர்தான்.

முழுக்கக் கேட்டுவிட்டுச் சிரித்தார். "அண்ணா எந்த மாசம் போனார் எண்டு எழுதியிருக்கிறீங்க?"

ஓகஸ்ட்.

"அந்தப் புள்ளி எந்த மாசம்?"

செப்டம்பர் 14.

கொப்பி ரெண்டு கிழமையாக எங்கட மேசையில் கிடந்தது. எங்களில் ஒருவருக்கும் அது கண்ணில் படவில்லை. செப்டம்பரிலும் ஒக்டோபரிலும் 'கு' பதினொரு தரம் ஆடியிருக்கிறார், அந்த நேரம் அவர் இத்தாலியில்.

இன்னொன்றும் நாங்கள் பார்த்தும் பார்க்காமல் விட்டிருந்தோம். 'ம' மே மாசத்தோடு கொப்பியில் இருந்து மறைந்துவிடுகிறார். அக்காவுக்கு அலுத்துப் போயிருக்கும் எண்டு தம்பி சொன்னார், நாங்களும் நம்பினோம். மே மாசம் அக்காவுக்குப் பதின்மூன்று வயசு. பெரிய பிள்ளை ஆனார். சடங்கு முடிந்த பிறகு அம்மா ஒரு சட்டம் போட்டார்: முன் அறையில் ஆம்பிளை ஒருவர் இருக்கிறார், பக்கத்து வீட்டுப் பொடியன்களும் வந்து போகிறார்கள், இனி டீவிக்கு முன்னால் உட்காரக் கூடாது. தம்பிக்கு உள்ளே இருப்பது பாதுகாப்பு. அக்காவுக்கு அதுக்குள்ளும் இன்னொரு உள்ளே.

அக்கா பகலில் ஆடினார். பள்ளிக்கூடம் விட்டு வந்து, அம்மா மீன் வாங்கப் போகிற நேரம், தம்பி டியூஷனில் இருக்கிற நேரம், கரண்ட் இருக்கிற நேரம். இந்த நாலும் ஒன்றாகச் சேர்கிற நேரம் கிழமைக்கு ஒரு தரம் கிடைத்தால் பெரிசு. புள்ளியை எழுதாமல் விட மனம் வரவில்லை. 'ம' எண்டு எழுதினால் அம்மா பார்ப்பார். அதனால் 'கு' எண்டு எழுதினார். அண்ணாவுக்கு அது தெரியும். தான் ஆடாத புள்ளிகள் தன் எழுத்தில் கூடிக்கொண்டு வருவதை ஒரு நாள் பார்த்துவிட்டு, தம்பி கேட்டபோது "ஓம், நான்தான்" எண்டு சொல்லியிருக்கிறார். அவர் போன பிறகும் அக்கா அந்த எழுத்தை விடவில்லை. வீட்டில் ஒருவரும் திகதியைப் பார்க்கவில்லை. நாங்களும்தான்.

பெயர் அழித்த கசெட்டைப் பற்றியும் பெயரில்லாத கறுப்புச் சொட்டைப் பற்றியும் இத்தனை பக்கம் எழுதினவர்கள் நாங்கள். விற்பனைக் கணக்கில் எங்கட தெரு இல்லை எண்டு குறைப்பட்டவர்களும் நாங்கள்தான். எங்கட கணக்கில் அக்கா இல்லை.

அண்டைக்கு லப்டொப்பும் எங்களோடு இருந்தது. டென்டியில் போட்டுக் கொடுத்தோம். விசைப்பலகையில் தனக்குக் கை வராது எண்டார். ரெண்டாம் கட்டத்திலேயே செத்தார். திரும்பப் போட்டார். நாலாம் தடவை, தேத்தண்ணி ஆறிப்போகும்வரை, யாரோடும் கதைக்கவில்லை. சிவப்புக் காவலர் ரெண்டையும் எடுத்துவிட்டு, மஞ்சள் கிட்ட வரும்வரை காத்திருந்து சுட்டார். 800. 14,260இல் கடைசிக் கப்பல் போனது.

சீஆர் கொப்பியில் 1996 ஒக்டோபர் பக்கத்துக்குக் கீழே பாதி வெறுமை. அங்கே திகதி போட்டு, புள்ளி எழுதி, ஆள் பிரிவில் 'ம' எண்டு எழுதினார். பிறகு சிவப்புப் பேனை கேட்டு வாங்கி, செப்டம்பர் 14க்குத் திரும்பிப் போய், 'கு'வை ஒரு கோட்டால் வெட்டினார்.